எழுத்தக்காவின் எட்டாம் பக்கம்

கல்லூரியில் அவளை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் அங்கே ஆள் இல்லை. அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. கூடப் படித்தவை எல்லாம் இருபதைத் தாண்டாத வாண்டுகள். படக்கதைப் பிரிவு மூன்றாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருந்தது. கூரை ஒழுகும் மூலையில் எப்போதும் ஒரு வாளி வைத்திருப்பார்கள். அந்த வாளியை ஒட்டிய மேசை அவளுடையது. மற்ற எல்லோரும் வேண்டாம் என்றதால் அவளுக்கு வந்த மேசை.

படக்கதை என்றால் வேறொன்றும் இல்லை, சின்ன வயதில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கினோமே, அதேதான். அடி வாங்கித் தந்த அதே சங்கதியை மூன்று வருஷம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பட்டமும் தருகிறார்கள் என்றால் காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள். ஒரு பக்கத்தை எத்தனை கட்டமாகப் பிரிப்பது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்ததை வாசகனை எப்படி ஊகிக்க வைப்பது, ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தாலும் அது வேறு ஆளாகிவிடாமல் எப்படிக் காப்பாற்றுவது, இதெல்லாம் பாடம். பிள்ளைகள் படம் பிரமாதமாகப் போடுவார்கள். எழுத்து என்று வந்தால்தான் வண்டி படுத்துவிடும். பேச்சை எழுதும் வட்டத்தைப் பலூன் என்பார்கள். அதற்குள் எழுதச் சொன்னால் முதல் வார்த்தை யானையாகத் தொடங்கிக் கடைசி வார்த்தை எறும்பாக முடியும்.

அவளுக்கு அது கைவந்த வேலை. பெரிய மளிகைக் கடை ஒன்றில் பல வருஷமாக விலை அட்டை எழுதிக்கொண்டிருந்தவள். 'வெங்காயம்', 'புதுச் சரக்கு', 'பழத்தை அழுத்திப் பார்க்காதீர்கள்' என்று எதைக் கொடுத்தாலும் அட்டைக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார வைத்துவிடுவாள். இப்போதும் சனி ஞாயிறு அந்த வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். முதல் வருஷமே வகுப்புக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. அதிலிருந்து "அக்கா, இந்த ஒரு பக்கம் மட்டும்", "அக்கா, சாரி அக்கா, நாளைக்கே வேணும்" என்று வரிசைகட்டி வந்தார்கள். பென்சிலில் வரைந்து மையிட்டு முடித்த பக்கத்தையும், என்ன பேச்சு என்று கிறுக்கிய துண்டுத்தாளையும் வைத்துவிட்டுப் போவார்கள். அவள் பலூன் போட்டு, எழுதி, கடைசியில் பலூனுக்கு வால் போடுவாள். வால் யார் வாயைப் பார்க்கிறதோ பேச்சு அவருக்குச் சொந்தம். அந்த விஷயத்தில் அவள் தப்பே செய்ததில்லை.

இப்படியாக அந்த வகுப்பில் யார் என்ன பேசினாலும் அவள் கைவழியாகத்தான் போயிற்று. அவளிடம் பேசத்தான் யாருமில்லை. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது, மரியாதை தெரிந்த பிள்ளைகள். அதுதான் வினையே. சிரித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தின் பக்கம் அவள் நகர்ந்தால், உடனே ஒருவன் காலை மடக்குவான், இன்னொருத்தி துப்பட்டாவைச் சரிசெய்வாள், "வாங்கக்கா, உட்காருங்கக்கா" என்று நாற்காலி வரும். நாற்காலி வந்ததும் பேச்சு நின்றுவிடும். அவள் சும்மா இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல் எழுந்து போவாள். முதுகுக்குப் பின்னால் மறுபடி சிரிப்பு ஆரம்பிக்கும். வாத்தியாரே அவளை "மேடம்" என்பார். மாணவியை மேடம் என்று கூப்பிடும் வகுப்பில் அவள் யாருடன் போய் ஒட்டிக்கொள்வாள்?

இந்த வயதில் இங்கே ஏன் வந்தாள் என்றால் அது அம்மாவால். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. வேலை முடித்து வந்ததும் இவள் கட்டிலருகே உட்கார்ந்து பழைய படக்கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவாள். வில்லனுக்குக் கட்டைக்குரல், கதாநாயகிக்குக் கீச்சுக்குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல் வைத்திருந்தாள். அம்மா பாதி வாயால் சிரிப்பாள். அம்மா போனபிறகு ஒருநாள் பழக்க தோஷத்தில் ஒரு புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாக வாசித்துவிட்டாள். காலி வீட்டில் தன் குரலைக் கேட்டதும் அவளுக்கே பயமாகிவிட்டது. அடுத்த வாரம் கல்லூரி விளம்பரம் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் ஒரு பாட்டம் கத்தினான்.

"நாப்பது வயசுல ஸ்லேட்டு பலப்பமா? பொம்மை போட ஒரு காலேஜ், அதுக்கு நீ ஒரு ஸ்டூடண்ட்!"

"பொம்மை இல்லண்ணா, கதை."

"யாருக்குச் சொல்லப் போற அந்தக் கதைய?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனாலும் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்து அவளிடமே தங்கிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் பெரிய கண்டம். தனியாகச் சாப்பிடுவதுகூடப் பழகிவிடும். தனியாகச் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பதுதான் தொண்டையில் இறங்காது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேன்டீனில் முதல் மேசை சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டால் கேன்டீன் மொத்தமும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். யாரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது, அவளும் யாரையும் பார்க்க வேண்டாம். சாப்பிட்டு, வாய் துடைத்து, நேரே எழுந்து வாசல் வழியாகப் போய்விடுவாள். கேன்டீன்காரர் "எப்பவும் உள்ள இடமா?" என்று கேட்டு டீயைக் கொண்டுவந்து வைப்பார். பல நாள் அவளிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வருஷ முடிவில் ஒவ்வொருவரும் சொந்தமாக எட்டுப் பக்கக் கதை ஒன்று கொடுக்க வேண்டும். அதில் ஒரு பக்கத்திலாவது இரண்டு பேர் வந்து, ஒருவர் மற்றவரிடம் பேச வேண்டும் என்பது நிபந்தனை. கொடுக்காதவர்களுக்கு மூன்றாம் வருஷம் கிடையாது. அவள் ஏழு பக்கம் போட்டிருந்தாள். கட்டில், ஜன்னல், கொடியில் ஒரு துண்டு, கேன்டீன் சுவர், வாளியில் சொட்டும் தண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. ஆள் மட்டும் இல்லை. வாத்தியார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், கோடு ரொம்ப சுத்தமா இருக்கு. ஆனா இது கதை மாதிரி இல்ல. வீடு வாடகைக்குன்னு விளம்பரம் மாதிரி இருக்கு."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. எட்டாவது பக்கத்துல ரெண்டு பேர் வரணும். ஒருத்தராவது மத்தவர்கிட்ட பேசணும். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

ஊருக்கெல்லாம் பேச்சு எழுதியவளுக்குத் தனக்கென்று ஒரு பேச்சு வரவில்லை. இரண்டு உருவத்தை எதிரெதிரே உட்கார வைப்பாள், பலூன் போடுவாள், உள்ளே என்ன எழுதுவதென்று தெரியாமல் அழித்துவிடுவாள். அழித்து அழித்துத் தாளே மெலிந்து போயிற்று. வெள்ளிக்கிழமை பக்கம் வராவிட்டால் பேசாமல் கடைக்கே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டாள். அங்கே வெங்காயமாவது என்ன எழுத வேண்டும் என்று சொல்லும்.

அந்த வாரம்தான் சோடாபுட்டி தன் பக்கங்களைக் கொண்டுவந்தாள். கண்ணாடி அத்தனை தடிமன் என்பதால் அந்தப் பெயர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கும் பெண். பக்கங்களை மேசையில் வைத்து, "அக்கா, வியாழக்கிழமை வாங்கிக்கிறேன்" என்று சொல்லிமுடிப்பதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள். தொலைந்துபோன சைக்கிளைக் கல்லூரி முழுக்கத் தேடி அலையும் இரண்டு தடியன்களின் கதை அது. படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. எழுத்தக்கா ரசித்துக்கொண்டே பலூன் போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. தடியன்கள் நூலகப் படிக்கட்டில் ஓடுகிறார்கள். பின்னால், படியின் ஓரத்தில், ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். தலையில் கொண்டை, கொண்டையில் சொருகிய பென்சில், தோளில் துணிப்பை. எழுத்தக்காவின் கை தானாகத் தன் கொண்டைக்குப் போயிற்று. பென்சில் அங்கேதான் இருந்தது. நாற்காலியில் அவளுடைய துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

அவசரமாக மற்ற பக்கங்களைப் புரட்டினாள். பஸ் நிறுத்தத்தில் அதே பெண். நடைபாதை முனையில் அதே பெண். கேன்டீன் காட்சியில் ஒரு மேசையில் அதே பெண், முதுகு மட்டும். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். இரண்டு வருஷத்தில் ஒரு ஜீவனாவது தன்னைக் கவனித்திருக்கிறது! இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தாள். அப்போதுதான் சுருக்கென்றது. எல்லாக் கட்டத்திலும் அந்தப் பெண் தனியாகவே இருந்தாள். ஒரு கட்டத்தில்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. எல்லோரும் ஓடுகிறார்கள், பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவள் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்தே இருக்கிறாள். ஒரு பலூன்கூட அவளுக்கு இல்லை.

எழுத்தக்காவுக்கு அழுகை வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. கவனித்திருக்கிறாய் அல்லவா? நான் தனியாக இருப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது அல்லவா? தெரிந்துமா வரைந்துவிட்டுப் போனாய்? வந்து பக்கத்தில் உட்கார எத்தனை நேரம் ஆகும்?

அந்தக் கோபத்தில் அவள் செய்தது அந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடாத காரியம். எழுத்துப் போடுகிறவர், கொடுத்த பேச்சைத்தான் போட வேண்டும். சொந்தச் சரக்கைச் சேர்ப்பது அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் புகுந்து குழம்பில் கைவைப்பது மாதிரி. அதிலும் அசல் பக்கம், அழியாத மை. எல்லாம் தெரிந்த எழுத்தக்கா பேனாவை மையில் தொட்டு, கேன்டீன் கட்டத்தில் முதுகைக் காட்டி இருந்தவளின் தலைக்கு மேல் சின்னதாக ஒரு பலூன் போட்டாள். உள்ளே எழுதினாள்: 'ஒரு தடவையாவது வந்து உட்காரேன்.' வாலை இறக்கி அந்தப் பெண்ணின் பக்கம் விட்டாள். மை காய்ந்தபிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

வியாழக்கிழமை சோடாபுட்டி வந்தாள். வகுப்பில் வேறு யாரும் இல்லை. பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். கேன்டீன் பக்கம் வந்ததும் பார்வை அங்கேயே நின்றது.

"இது நான் எழுதிக் குடுக்கலையேக்கா."

"இல்லம்மா. நான்தான் போட்டேன்."

"ஏன்?"

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத்தக்கா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"பின்ன என்னம்மா? என்னைப் பக்கத்துக்குப் பக்கம் உட்கார வெச்சிருக்க. ஒரு வார்த்தை பேச விடல. நான் தனியா இருக்கேன்னு தெரியுதுல்ல? வரையத் தெரிஞ்ச உனக்கு வரத் தெரியலையா?"

"உங்களையா?" சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "உங்களை எங்கக்கா நான் வரைஞ்சேன்?"

"கொண்டை, பென்சில், பை. வேற யாரு?"

சோடாபுட்டி திரும்பி நின்றாள். பின்னந்தலையில் கொண்டை, கொண்டையில் பென்சில். தோளில் அதே துணிப்பை, கல்லூரி சேர்ந்த அன்று எல்லோருக்கும் கொடுத்த பை. அந்த வகுப்பில் முடி நீளமாக இருக்கும் அத்தனை பேரும் பென்சிலைச் சொருகுவது கொண்டையில்தான். முடி வளர்க்கும் ஒரே ஒரு பையனையும் சேர்த்து. முதுகைக் காட்டினால் கண்ணாடி எப்படித் தெரியும்?

"அது நான்க்கா."

எழுத்தக்கா குனிந்து அந்தக் கேன்டீன் கட்டத்தை மறுபடி பார்த்தாள்.

"கேன்டீன்ல நான் கடைசி மேசை. நீங்க முதல் மேசை, சுவரைப் பார்த்து உட்காருவீங்க. எனக்கு தினமும் உங்க முதுகுதான் தெரியும். வந்து உட்காரலாமான்னு பல தடவை நினைச்சேன். அப்புறம், அக்காவுக்கு யாரும் வேணாம் போல, அதான் சுவரப் பார்த்து உட்கார்றாங்கன்னு விட்டுட்டேன்."

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக ஒரு பெண் தன் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று ஊரையே மனசுக்குள் திட்டித் தீர்த்தவள், ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்தக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்புப் பண்ணிட்டேம்மா. ஒட்டுத்தாள் போட்டு மறைச்சிடறேன். பார்த்தா தெரியாது."

சோடாபுட்டி அந்தப் பலூனை மறுபடி படித்தாள். பக்கங்களை அடுக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. இருக்கட்டும்," என்றாள். உடனே போய்விட்டாள். கோபமா, அழுகையா என்று அந்தத் தடிக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த எழுத்தக்கா எட்டாம் பக்கத்தைத் தொடவே இல்லை. பேனாவைக் கழுவி வைத்தாள். நாளையோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். ஆனால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கடைசி மேசைக்கு ஒருநாள் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீன்காரர் வழக்கம்போல, "எப்பவும் உள்ள இடமா?" என்றார்.

"இல்லீங்க. இன்னிக்குக் கடைசி மேசை."

"அட, என்ன திடீர்னு?" என்றபடி டீயை அங்கே கொண்டுபோய் வைத்தார்.

மேசை காலியாக இருந்தது. எழுத்தக்கா உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் காத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கேன்டீன் முழுவதும் தெரிந்தது. எல்லா மேசையும், எல்லாச் சிரிப்பும், அதையெல்லாம் தாண்டிச் சுவரோரம் அவளுடைய காலி நாற்காலியும். இத்தனை கூட்டத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அந்தப் பெண் தினமும் எப்படித்தான் தனியாகச் சாப்பிட்டாளோ? தான் சுவரையாவது பார்த்தோம் என்று தோன்றியது. நேரம் போயிற்று. சோடாபுட்டி வரவில்லை. கோபம்தான் போலிருக்கிறது, இனி வரமாட்டாள் என்று எழுந்திருக்கப் போனாள்.

அப்போது சோடாபுட்டி வாசலில் நுழைந்தாள். பின்பக்கம் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று நடந்து நேரே முதல் மேசைக்குப் போனாள். எழுத்தக்காவின் நாற்காலிக்கு எதிர் நாற்காலி சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் அதை இழுக்கப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில் எழுத்தக்காவின் நாற்காலியிலேயே ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

அவள் இவளைத் தேடி அங்கே போயிருந்தாள். இவள் அவளைத் தேடி இங்கே வந்திருந்தாள். முன்னால் ஒரு முதுகு, ஒரு கொண்டை, ஒரு பென்சில். எழுத்தக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூப்பிட வேண்டும். பலூன் கிடையாது, பேனா கிடையாது, துண்டுத்தாளில் யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. நடுவில் அத்தனை மேசை, அத்தனை பேர். காலி வீட்டில் தன் குரலுக்கே பயந்த அந்த நாளிலிருந்து அவள் சத்தமாக எதையும் சொன்னதில்லை. சோடாபுட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்தாள், பையைத் தோளில் மாட்டத் தொடங்கினாள்.

எழுத்தக்கா எழுந்து நின்றாள்.

"இங்க இருக்கேன்!"

கட்டைக்குரலும் இல்லாமல் கீச்சுக்குரலும் இல்லாமல் ஒரு குரல் வந்தது. கேன்டீன் மொத்தமும் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. கேன்டீன்காரர் கையில் கெட்டிலோடு நின்றார். எல்லோருக்கும் கடைசியாக சோடாபுட்டி திரும்பினாள்.

அவர்கள் அன்று பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. உப்பு இருக்கா என்று ஒருத்தி கேட்டாள், இருக்கு என்று மற்றவள் சொன்னாள். இரண்டு பேருக்குமே பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சாயங்காலம் வாத்தியார் அறையைப் பூட்டப்போகும் நேரத்தில் எழுத்தக்கா மை காயாத ஒரு பக்கத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பக்கம் முழுவதும் ஒரே கட்டம்தான். கேன்டீன், நிறைய மேசைகள், கூட்டம். தூரத்தில் சுவரோரம் பாதி நாற்காலியில் ஒரு பெண், முதுகு. பக்கத்தின் கீழே, கிட்டத்தில், எழுந்து நிற்கும் இன்னொரு பெண், அவளும் முதுகு. இரண்டு கொண்டை, இரண்டு பென்சில். ஒரே ஒரு பலூன், உள்ளே 'இங்க இருக்கேன்!'

வாத்தியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆள் வந்துட்டாங்க போலிருக்கே மேடம். ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்காங்களே. பேசறது யாரு?"

"வாலைப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். இத்தனை நாள் அவள் போட்ட வாலெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்தவை. ஒரே ஒரு தடவை தன்னை நினைத்துப் போட்ட வாலும் வேறொருத்திக்குப் போய்விட்டது. இந்த வால் மட்டும் கீழே இறங்கி, நின்றுகொண்டிருந்தவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அவசரத்தில் போட்டதால் கொஞ்சம் கோணல்.

"நீங்களா?" என்றார் வாத்தியார்.

"நான்தான் சார்," என்றாள்.